குடலும் ஓர் ஏரியே
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுதலே மரபு. அதனை நமக்கு முன்னர்ப் பேசியோர் நிறைவாகவே பேசிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, கேட்ட மாத்திரத்தில் சிலர் முகம் சுளிக்கக் கூடியது. வயிற்றுப்போக்கைப் பற்றி, அதிலும் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்று வீடு திரும்பியவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்கும் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச விழைகின்றோம். மலத்தைப் பற்றிப் பேச நாணுவோர் நாணட்டும். பிறர் மலத்தை அள்ளும் வேலையைத் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் தலைமேல் கட்டி வைத்த நாடு இது. அதனைப் பற்றி அறிவு முறையில் பேசும் உரிமை வேறு எவரையும்விட நமக்கு முதலில் உண்டு.

நம் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெறச் சென்னைக்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். பொன்னேரி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். போக ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி ஒரு நாள். மருந்தேற்றிய பத்தாம் நாள் காய்ச்சல் வருகின்றது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் வரும் காய்ச்சல் உயிருக்கே ஊறு செய்யும். ஆகவே மருத்துவர் அவரைச் சேர்த்துக்கொண்டு வலிமை மிக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை ஊசி வழியே தருகின்றார். அது சரியான செயலே. காய்ச்சல் நீங்கி வீடு திரும்புகின்றார். சில நாளில் பேதி தொடங்குகின்றது. நாளொன்றுக்கு ஆறு முறை, ஏழு முறை. கடைத்தெரு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தருகின்றனர். நின்றது போல் நிற்கின்றது. இரண்டு வாரத்தில் மறுபடியும் வருகின்றது. அடுத்த மருந்தேற்றும் நாள் கடந்து போகின்றது. “உடம்பு தாங்காது, இனிப் போக வேண்டா” என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். குணமாகக் கூடிய நோய் அவ்விடத்தில் குணமாகாத நோய் ஆகின்றது. நாம் இன்று பேசுவது இந்த இடத்தைப் பற்றியே.

இத்தகைய பேதிக்குக் காரணம் பல. புற்றுநோய் மருந்துகளே குடலின் உட்தோலை அரித்துப் பேதியை உண்டாக்குவதுண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வருவதில் பெயர் பெற்ற நுண்ணுயிர் ஒன்று உண்டு. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹால், ஓடூல் என்னும் இருவர் பிறந்த குழந்தைகளின் மலத்தில் அதனைக் கண்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுக்க அரிதாயிருந்தமையின், ‘அரியது’ என்னும் பொருள்பட ‘டிஃபிசில்’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அது நோய் தரும் என்பது உறுதிப்பட மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1978-இல்தான், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டோர்க்கு வரும் கொடிய குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்று நிறுவினர். முழுப்பெயர் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். நாம் சுருக்கமாக டிஃபிசில் என்றே சொல்வோம்.

இதன் தன்மையை விளங்கிக்கொள்ள நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நம் ஏரிக்கரையில் பரந்து கிடக்கும் சீமைக்கருவேலத்தை எண்ணுங்கள். இயல்பாக வளர்ந்திருந்த செடிகொடிகளை அழித்துத் தரையை வெறுமையாக்கினால் அங்கே முதலில் முளைப்பது எது? சீமைக்கருவேலமே. அதன் விதை கடுந்தோல் கொண்டது. வெயிலுக்கும் வறட்சிக்கும் சாகாது. மாடு காயைத் தின்றால் அதன் வயிற்றைக் கடந்தும் விதை உயிரோடு வெளிவந்து, சாணம் விழுந்த இடத்தில் முளைக்கும். மரத்தை வெட்டி எறிந்தாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு எழும்.

டிஃபிசிலும் அவ்வாறே. காற்றுப்பட்டால் இந்நுண்ணுயிர் வாழாது. ஆயினும் தன்னைச் சுற்றித் தடித்த உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு விதை போல் உறங்கும். அவ்விதை தரையிலும் கட்டில் கம்பியிலும் கதவுக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். கை வழியே வாய்க்குள் போனால் வயிற்று அமிலம் அதனை அழிக்காது. குடலில் ஆயிரமாயிரம் கோடி நல்ல நுண்ணுயிர்கள் நெருங்கி வாழும் வரையில் அதற்கு இடமில்லை, விதையாகவே வெளியேறிவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அந்த நல்ல கூட்டத்தை அழித்துத் தரையை வெறுமையாக்கும்போது அது முளைக்கின்றது, நஞ்சு கக்குகின்றது, அந்நஞ்சு பெருங்குடலின் உட்தோலைப் புண்ணாக்கிப் பேதியைத் தருகின்றது. டிஃபிசிலைக் கொல்ல மருந்து கொடுத்தால் முளைத்தவை மடியும், விதைகள் மடியா. நல்ல நுண்ணுயிர்கள் மீண்டும் குடியேறுவதற்கு முன் மருந்து நின்றால் மறுபடி முளைக்கும். இதுவே மீள்வருகையின் சூட்சுமம். முதன்முறை குணமானவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு, பெரும்பாலும் எட்டு வாரங்களுக்குள், இது திரும்ப வருகின்றது. ஒரு முறை திரும்பியவர்க்கு மறுமுறை வரும் வாய்ப்பு இன்னும் மிகுதி.

புற்றுநோயாளரை இது தேடிப் பிடிப்பதற்குக் காரணம் வெளிப்படை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அவர்களுக்கு அடிக்கடி வேண்டியிருக்கின்றது. மருத்துவமனைக் கட்டில் அவர்களுக்கு இரண்டாம் வீடு. புற்றுநோய் மருந்து குடலின் தோலையும் எதிர்ப்பாற்றலையும் ஒருங்கே குறைக்கின்றது. நுண்ணுயிர்க்கொல்லியே உண்ணாத புற்றுநோயாளர்க்கும் டிஃபிசில் வருவதுண்டு. வயிற்றெரிச்சலுக்கென்று நம்மவர் ‘கேஸ் மாத்திரை’ என வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவையும் இந்நோயோடு சேர்த்துக் காணப்படுகின்றன. வேண்டியவர்க்கு அவை வேண்டியவையே. வேண்டாதவர் மருத்துவரைக் கேட்டு நிறுத்துவது நன்று.

நல்ல நுண்ணுயிர்களின் பணி எத்தகையது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும் காலரா நோயாளர்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். அம்மாவு செரிக்காமல் பெருங்குடலை அடைகின்றது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை நொதிக்க வைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்கள் குடல் நீரை மீண்டும் உடலுக்குள் இழுக்க உதவுகின்றன. பேதியின் அளவும் குறைந்தது, நாளும் குறைந்தது. 2000-ஆம் ஆண்டில் இது அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. காலராவும் டிஃபிசிலும் வேறு வேறு நோய்கள். இதனை டிஃபிசிலுக்கு மருந்து என்று எவரும் கொள்ளற்க. குடலில் வாழும் கூட்டம் நமக்காக உழைக்கும் கூட்டம் என்பதற்காகவே இதனைச் சொன்னோம். முகத்துவாரம் மணலால் அடைபட்ட ஆண்டில் ஏரி என்ன ஆகின்றது, மடவையும் இறாலும் எங்குப் போகின்றன என்பதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஏரியை நலமாக வைப்பது அதனுள் வாழும் உயிர்களின் சமநிலை.

இனி, தடுக்கும் வழிகளுக்கு வருவோம். இவ்விடத்தில் சற்று விரிவாகவே பேசுவோம்.

தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தவிர்ப்பதே முதல் வேலை; அதுவே நம் கையில் பெரிதும் உள்ள வேலையும் ஆகும். சளிக்கு ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று, பேதிக்கு இரண்டு என்று சிப்ரோஃபிளாக்சசினும் செஃபிக்சிமும் சீட்டு இல்லாமலே கைமாறுகின்றன. டிஃபிசிலுக்குத் தரையை வெறுமையாக்கித் தருவதில் இவ்வகை மருந்துகளும் கிளிண்டமைசினும் முன் நிற்பவை. ஆகவே பேதிக்கென்று வாங்கும் மாத்திரையே பேதியை வளர்க்கும் விந்தை நிகழ்கின்றது. 2012-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ அமைப்புகள் பல கூடி, இம்மருந்துகளின் தவறான பயன்பாட்டைத் தடுக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. ‘சென்னைப் பிரகடனம்’ என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச்சு முதல் ‘எச்-1’ என்னும் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்தை விற்றால், எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் மருந்தின் அளவும் தனிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அப்பதிவேட்டை மூன்றாண்டுகள் காக்க வேண்டும். மேற்சொன்ன செஃபிக்சிம் அப்பட்டியலில் உள்ளது. சட்டம் இருக்கின்றது, கடையில் அது மறக்கப்படுகின்றது. படித்த இளைஞர் ஒருவர் உடன் சென்று, “இதற்குச் சீட்டு வேண்டுமல்லவா, ஐயா?” என்று பணிவோடு கேட்டால் போதும்.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புற்றுநோய் மருத்துவத்தில் இருப்பவர்க்குக் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் பாகையைத் தொட்டால் ஒரு மணி நேரமும் காத்திராமல் மருத்துவமனை செல்ல வேண்டும். அங்கே மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லியை டிஃபிசிலுக்கு அஞ்சி மறுத்தல் அறிவீனம். வேண்டும்போது வேண்டியதைத் தயங்காது கொள்ளுதலும், வேண்டாதபோது தொடாதிருத்தலும் ஒரே அறிவின் இரு பக்கங்கள். இரவாயின் 108 வண்டியை அழைக்கத் தயங்கற்க.

அடுத்தது கை. கொரோனா நோய் வந்த 2020-ஆம் ஆண்டிலிருந்து நம் வீடுகளில் சானிடைசர் புட்டி நுழைந்துவிட்டது. அது பல கிருமிகளைக் கொல்லும். டிஃபிசிலின் விதையைக் கொல்லாது. சாராயத்தால் ஆன எந்த நீர்மமும் கொல்லாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு தேய்த்துக் கழுவினால் விதைகள் கையை விட்டு அடித்துச் செல்லப்படும். சோப்பு அவற்றைக் கொல்வதில்லை, கழற்றி விடுகின்றது. ஆகவே தேய்த்தலும் நீர் ஓடுதலுமே இன்றியமையாதவை. நம் குப்பங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும்; சோப்பு நுரைக்காது. குடிக்கப் பிடித்து வைத்த நல்ல நீரில் இரு குவளையைக் கை கழுவ ஒதுக்குங்கள் என்றால், குடம் சுமக்கும் பெண்களின் இடுப்பு வலி நமக்குத் தெரியாமலா சொல்கின்றோம்? நோயாளி உள்ள வீட்டிற்கு ஒரு குடம் கூடுதலாக இளைஞர்களே சுமந்து கொடுங்கள். ஆண் பிள்ளை குடம் தூக்கினால் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

கழிப்பறையும் துணியும் அதற்கடுத்தவை. பேதி உள்ளவர்க்குக் கூடுமாயின் தனிக் கழிப்பறை. கூடாதாயின் அவர் பயன்படுத்திய பின் துப்புரவு. இவ்விதையைக் கொல்லும் எளிய பொருள் நமக்குப் பழக்கமான பிளீச்சிங் பவுடரே. வெள்ளம் வந்தபோதெல்லாம் அதைத் தெருவில் தூவிப் பார்த்திருக்கின்றோம். தூவினால் பயனில்லை, கரைத்து ஊற்ற வேண்டும். புதிதான, நெடி போகாத பவுடர் ஏறத்தாழ 16 கிராம், அதாவது பெரிய கரண்டியால் ஒரு கரண்டி, ஒரு லிட்டர் நீருக்கு. முதலில் மலத்தை நீர்விட்டு அகற்றித் தரையைக் கழுவிய பின்னரே இதனை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அன்றன்று கரைத்து அன்றன்றே பயன்படுத்துக. கதவைத் திறந்து வைத்துக் கையுறை அணிந்து செய்க. இதனோடு அமிலத்தையோ வேறு கழிப்பறைத் திரவத்தையோ கலக்கவே கூடாது, நச்சுப்புகை எழும். நோயாளியின் துணிகளைத் தனியே, கூடுமாயின் கொதிநீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துக.

மருத்துவமனையில் இதே வேலையைச் செய்வோர் யார்? நாம் அறிவோம். நம் அக்காள்மாரும் அண்ணன்மாரும் ஒப்பந்தக் கூலிக்குச் செய்கின்றனர். முன்பு டிஃபிசில் நோயாளி படுத்திருந்த கட்டிலில் அடுத்து வருபவர்க்கு அந்நோய் தொற்றும் வாய்ப்புக் கூடுகின்றது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. அக்கட்டிலை முறைப்படி துடைப்பவர் ஒரு மனிதரை நோயினின்று காக்கின்றார். மருத்துவர் எழுதும் மருந்துக்கு அவ்வேலை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. எனின், அவர்க்குத் தரமான கையுறையும், சோப்பும், கரைசலின் அளவைப் பற்றிய பயிற்சியும், நியாயமான ஊதியமும் கேட்பது சலுகை கேட்பதாகாது. நோயாளிகளின் பாதுகாப்பிற்காகவே கேட்கின்றோம் என்று நிமிர்ந்து சொல்லலாம்.

உணவைப் பற்றிப் பல வினாக்கள் வருகின்றன. பழைய சோற்றின் பயனை ஆராயும் பணியைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மேற்கொண்டது நமக்குப் பெருமையே. ஏழையின் காலை உணவு ஆய்வுக்கூடம் ஏறியது. ஆயினும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாள்களில் இரவெல்லாம் வைத்த சோறும், மூடாத மோரும், கடையில் விற்கும் நுண்ணுயிர் மாத்திரைகளும் மருத்துவரைக் கேளாமல் வேண்டா. நல்ல நுண்ணுயிரும் எதிர்ப்பாற்றல் அற்ற உடலில் இரத்தத்துள் புகுந்தால் தீங்கு செய்யும். அப்பொழுது சமைத்த சூடான உணவே அந்நாள்களுக்கு ஏற்றது. மட்டியும் நண்டும் நன்றாக வெந்திருத்தல் வேண்டும்.

நம் தொழிலோடு ஒட்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பாடு முறைப்படி வலைவிடும் உரிமை சில குப்பத்தார்க்கே உள்ள இவ்வேரியில், நம்மவர் பலர் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். வெதுவெதுப்பான கழிநீரில் வாழும் விப்ரியோ என்னும் நுண்ணுயிர் இனத்தில் சில, காயத்தின் வழியே புகுந்து, எதிர்ப்பாற்றல் குறைந்தவரை ஓரிரு நாளில் வீழ்த்திவிடும். புற்றுநோய் மருத்துவத்தில் இருப்பவரும் ஈரல் நோய் உள்ளவரும், நண்டுக் கொடுக்குக் கிழித்த கையோடு ஏரியில் இறங்க வேண்டா. அந்த நாள்களின் வருமானத்திற்கு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை உறவினரும் சங்கமும் சேர்ந்து காண வேண்டியது. நோயாளியின் தலையில் அதைப் போடுதல் தகாது.

பேதி வந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் நீராகப் போனால் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் சொல்லி மலப் பரிசோதனை கேட்க வேண்டும். “டிஃபிசில் நஞ்சுக்குப் பார்க்க வேண்டுமா, ஐயா?” என்று கேட்பதில் தவறில்லை. பேதியை உடனே கட்டும் மாத்திரையைத் தாமாகப் போட்டுக்கொள்ளற்க. நஞ்சு உள்ளேயே தங்கக் கூடும். அதுவரையில் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில், தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழி நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்னும் இந்திய மருத்துவர் இத்தகைய கரைசலைக் குடங்களில் வைத்து உறவினரையே கொடுக்கச் செய்து எண்ணற்றோரைக் காத்தார். செவிலியர் இல்லாத இடத்தில் அண்ணனும் தங்கையும் செவிலியர் ஆயினர்.

நோய் உறுதியானால் மருந்து உண்டு. வான்கோமைசின் என்பது ஒன்று. 1950-களின் தொடக்கத்தில் போர்னியோக் காட்டு மண்ணிலிருந்து கிடைத்தது. இந்நோய்க்கு அதனை வாய் வழியேதான் தர வேண்டும். ஊசியில் ஏற்றினால் குடலை வந்து சேராது. வழக்கமாகப் பத்து நாள். பேதி நாலாம் நாளே நின்றாலும் பத்து நாளும் முடிக்க வேண்டும். திரும்ப வந்தவர்க்கு மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பல வாரம் தருவதுண்டு. ஃபிடாக்சோமைசின் என்னும் மற்றொரு மருந்து டிஃபிசிலைக் குறிவைத்து அடித்து, நல்ல நுண்ணுயிர்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கின்றது. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், 183 புற்றுநோயாளரிடையே, வான்கோமைசின் உண்டோரைவிட இதனை உண்டோர்க்கு நோய் திரும்புதல் பாதிக்கும் குறைவாயிருந்தது. விலைதான் மிகுதி. நோய் திரும்புவதைத் தடுக்கவென்றே 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெஸ்லோடாக்சுமாப் என்னும் ஊசிமருந்தை, 2025 சனவரியில் அதன் நிறுவனம் நிறுத்திவிட்டது. மருந்து இருந்தும் சந்தையில் இல்லாமற்போகும் காலம் இது.

எல்லாவற்றினும் வியப்பானது ஒன்றை இறுதியாக வைத்திருந்தோம். நலமுள்ள ஒருவரின் மலத்தைத் தூய்மையான நீர்மத்தில் கரைத்து நோயாளியின் குடலுக்குள் செலுத்துதல்! சிரிக்க வேண்டா. 1958-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்னும் அறுவை மருத்துவர் நால்வர்க்கு இதனைச் செய்து குணப்படுத்தினார். 2013-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் முறையான ஆய்வு நடத்தினர். நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுள் இம்முறையை ஒரே முறை பெற்ற 16 பேரில் 13 பேர் குணமாயினர். வான்கோமைசின் மட்டும் உண்ட 13 பேரில் நால்வரே குணமாயினர். வேறுபாடு அவ்வளவு பெரிதாயிருந்தமையால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினர். வெறுந்தரையில் பழைய காட்டையே பெயர்த்து நடுவது போன்ற வேலை இது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் புதிய சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 2013-ஆம் ஆண்டில்தான். எதனைத் தீட்டென்று சொல்லி ஒரு மக்களை ஒதுக்கினரோ, அதனையே பிறிதொரு நாட்டில் மருந்தாக அளந்து கொடுத்தனர். தீட்டு என்பது பொருளில் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும் புற்றுநோயாளர்க்கு இம்முறையில் ஓர் அபாயமும் உண்டு. 2019-இல் எதிர்ப்பாற்றல் குறைந்த இருவர்க்கு, ஒரே கொடையாளரின் மலத்திலிருந்து, மருந்துக்கு அடங்காத ஈ-கோலை கிருமி தொற்றி, ஒருவர் இறந்தார். அமெரிக்க அரசின் மருந்துத் துறை உடனே எச்சரிக்கை விடுத்துக் கொடையாளர் சோதனையைக் கடுமையாக்கியது. பின்னர் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் ஆய்ந்து தூய்மைப்படுத்திய வடிவங்களுக்கு அங்கே ஒப்புதல் கிடைத்தது. அவற்றுள் ஒன்று விழுங்கும் உறைமாத்திரை. இதனைச் செய்யத் தகுந்தோர் பயிற்சி பெற்ற குடல் மருத்துவர்களே. வீட்டில் எவரும் முயலற்க.

மருத்துவம் நமக்கு எட்டாத துறை என்று இளைஞர் எவரும் எண்ண வேண்டா. அயோத்திதாச பண்டிதர் தமிழ்ச் சிந்தனையாளர் மட்டுமல்லர், சித்த மருத்துவரும் ஆவார். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஒடுக்கப்பட்ட குலத்துத் தாயின் மகளாய்ப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரிலிருந்து எழுப்பியதே அடையாற்றுப் புற்றுநோய் நிலையம்; 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. நம் பிள்ளைகளும் நுண்ணுயிரியல் படிக்கட்டும், செவிலியம் படிக்கட்டும், ஆய்வுக்கூடத்தில் அமரட்டும்.

அதற்கு முன்னர், இன்றே செய்யக் கூடிய ஒன்றைக் கேட்கின்றோம். புற்றுநோய் மருத்துவம் பெறுவோர் உள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த ஒருவர் பொறுப்பேற்கட்டும். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். மருந்தேற்றிய நாள், அடுத்த நாள், காய்ச்சல் அளவு, நாளுக்கு எத்தனை முறை வயிறு போயிற்று, எந்த நுண்ணுயிர்க்கொல்லி எத்தனை நாள் உண்டார், முன்னர் டிஃபிசில் வந்ததா என்பவை அதில் இருக்கட்டும். முன்னர் வந்தவர்க்கு மறுபடியும் நுண்ணுயிர்க்கொல்லி தர நேரும்போது, சில மருத்துவர்கள் காப்பாகச் சிறிதளவு வான்கோமைசினையும் உடன் தருவதுண்டு. அதற்குச் சான்று இன்னும் முழுமை பெறவில்லை எனினும், நோட்டில் எழுதியிருந்தால்தான் அவர் அதனை எண்ணவே முடியும். பேதி நின்ற பின் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டுவதில்லை, நலமானவர் மலத்திலும் விதை சில காலம் தென்படும் என்பதையும் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். “இன்னும் கிருமி இருக்கின்றதாம்” என்ற பேச்சால் அடுத்த மருந்தேற்றும் நாள் தள்ளிப் போகாதிருக்க அது உதவும்.

நேரம் ஆகிவிட்டது. மேடைக்குக் கீழே இரண்டு வாளியும், பிளீச்சிங் பவுடரும், கரண்டியும், இரண்டு இணைக் கையுறையும் வைத்திருக்கின்றோம். முன்வரிசையில் இருக்கும் தம்பிமார் இருவர் எழுந்து வந்தால் கரைசல் கலக்கும் முறையை இப்போதே செய்து காட்டுவோம். காற்று வரும் பக்கத்துச் சன்னல்களைத் திறந்து விடுங்கள்.